கண் வழி மீயொலி அளவீடும் மண்டையோட்டு உள்ளழுத்தமும்: ஒரு திறனாய்வு

மூடிய இமையின் மேல் மீயொலிக் கருவியை வைத்து, விழிக்குப் பின்னால் உள்ள பார்வை நரம்பின் உறை எவ்வளவு அகலமாக இருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று கணிக்கும் முறைக்குப் பார்வை நரம்பு உறை விட்ட அளவீடு என்று பெயர். மண்டையைத் துளைக்க வேண்டியதில்லை. கதிர்வீச்சு இல்லை. நோயாளியைப் படுக்கையிலிருந்து நகர்த்த வேண்டாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த நான்கு நன்மைகளும் உண்மையே. ஆனால் இவற்றைச் சொல்பவர்களில் பலர் அடுத்த வரியிலேயே, "5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அழுத்தம் அதிகம்" என்று ஒரு கோட்டைக் கிழித்து முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது, எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரான கிளியனூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரைப் பார்க்காத வீடு இந்தச் சாலையோரத்தில் குறைவு. அண்மையில் பழைய மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "சார், கண்ணுல ஸ்கேன் வச்சாலே மூளையில பிரஷர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமாம். அப்புறம் எதுக்கு சார் ராத்திரியில அவ்வளவு தூரம் சிடி எடுக்க அலையணும்?" என்று கேட்டார். அவருடைய மைத்துனர் முன்பு வண்டியிலிருந்து விழுந்தபோது, எழுந்து நன்றாகப் பேசினாரே என்று வீட்டில் படுக்க வைத்துவிட்டு, விடியற்காலையில் அலறியடித்துக்கொண்டு தூக்கிப் போனவர்கள் அவர்கள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். ஆகவே அது பொழுதுபோக்குக்காகக் கேட்ட கேள்வி அல்ல. அதற்கு ஒழுங்கான விடை தேடியதில் எழுந்ததே இக்கட்டுரை.

== எது அளக்கப்படுகிறது ==

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். கண் மருத்துவமனையில் நாற்பது வயதுக்கு மேல் பார்க்கச் சொல்லும் "கண் பிரஷர்" வேறு. அது விழிக்குள் இருக்கும் நீரின் அழுத்தம், கிளாக்கோமா நோயோடு தொடர்புடையது. இங்கே பேசுவது மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தம். கண் இங்கே ஒரு சன்னல் மட்டுமே.

மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் ஆகிய மூன்றும் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. இரத்தக் கசிவோ வீக்கமோ கட்டியோ உண்டாகி ஒன்றின் அளவு கூடினால், மற்றவை இடம் விட வேண்டும்; இடம் விட முடியாத நிலையில் அழுத்தம் ஏறும். அலெக்சாண்டர் மன்றோ 1783இலும் ஜார்ஜ் கெல்லி 1824இலும் விளக்கிய கருத்து இது. படுத்த நிலையில் பெரியவர்களுக்கு இந்த அழுத்தம் சுமார் 7 முதல் 15 மி.மீ. பாதரசம். கடும் தலைக்காயத்தில் 22ஐத் தாண்டினால் குறைக்க முயல வேண்டும் என்று அமெரிக்க மூளைக்காய அறக்கட்டளையின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

பார்வை நரம்பு மற்ற நரம்புகளைப் போன்றதன்று. அது மூளையின் ஒரு நீட்சி. ஆகவே மூளையைச் சுற்றியுள்ள டியூரா மேட்டர், அரக்னாய்டு, பையா மேட்டர் என்ற மூன்று உறைகளும் இந்த நரம்பையும் போர்த்திக்கொண்டு விழியின் பின்புறம் வரை வருகின்றன. உறைகளுக்கு இடையே மூளைத் தண்டுவடத் திரவமும் வருகிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் திரவம் இந்த உறைக்குள் தள்ளப்படும், உறை உப்பும். விழிக்குப் பின்னால் சுமார் 3 மி.மீ. தொலைவில் உறை எளிதில் விரிந்து கொடுக்கும் என்பதால் அங்கேதான் அளக்கிறார்கள். ஒரு குறிப்பு: இனி வரும் "மி.மீ." உறையின் அகலம், "மி.மீ. பாதரசம்" அழுத்தம். இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

== கருத்து வந்த வழி ==

கண்ணைப் பார்த்து மூளையின் நிலையை அறிவது புதிய எண்ணம் அன்று. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணடி நோக்கியை உருவாக்கிய சில ஆண்டுகளிலேயே, மூளையில் அழுத்தம் உள்ளவர்களின் விழித்திரையில் நரம்புத் தலை வீங்கியிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். அந்த வீக்கம் எப்படி உண்டாகிறது என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. அதைத் தெளிவாக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சோகன் சிங் ஹைரே. அவர் குரங்குகளின் மண்டைக்குள் அழுத்தத்தை உயர்த்தி, பார்வை நரம்பு உறையைத் திறந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் வீக்கம் தணிகிறது என்று காட்டினார். 1964இல் பிரித்தானிய கண் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. திரவத்தின் அழுத்தம் உறை வழியாகத்தான் கண்ணை வந்தடைகிறது என்பதற்கு அது வலுவான சான்று.

நரம்புத் தலை வீங்குவதற்குப் பல மணி நேரம், சில வேளை நாட்கள்கூட ஆகும். உறை விரிவதற்கோ அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தலாம் என்று செருமனியில் ஹான்சன், ஹெல்ம்கே ஆகிய இருவரும் 1990களில் மீயொலி ஆய்வுகளைச் செய்தனர். திரவ அழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, உறை எப்படி மாறுகிறது என்று பார்த்தனர். அழுத்தம் ஏற உறை விரிந்தது. ஆனால் எந்த அழுத்தத்தில் விரியத் தொடங்கும், எதற்கு மேல் விரியாது என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 1997இலேயே தெரிந்துவிட்ட இந்தச் செய்தி இன்று பல விளக்கங்களில் காணாமல் போய்விட்டது.

== அளக்கும் முறை ==

நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். மூடிய இமையின் மேல் ஜெல் தாராளமாகத் தடவி, தட்டையான லீனியர் புரோபை விழியை அழுத்தாமல் அதன் மேல் வைப்பார்கள். திரையில் விழி கரிய வட்டமாகவும், அதன் பின்னால் நரம்பு கரிய பட்டையாகவும் தெரியும். விழியின் பின்சுவரிலிருந்து 3 மி.மீ. கீழே ஒரு புள்ளி குறித்து, அங்கே குறுக்காக உறையின் அகலத்தை அளப்பார்கள். இரு கண்களிலும் அளந்து சராசரி எடுப்பது வழக்கம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கருவியைக் கண்ணுக்குரிய குறைந்த ஆற்றல் அமைப்பில் வைக்க வேண்டும்; வயிற்றைப் பார்க்கும் அமைப்பிலேயே கண்ணில் வைக்கக் கூடாது. அடுத்து, விழி கிழிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் புரோபை வைக்கவே கூடாது. சாலை விபத்தில் தலையோடு முகமும் அடிபடுவது இயல்பு என்பதால், இந்த இரண்டாவது எச்சரிக்கை எங்கள் சாலைக்கு நேரடியாகப் பொருந்தும்.

== 5 மி.மீ. எங்கிருந்து வந்தது ==

அழுத்தம் கூடியவர்களையும் கூடாதவர்களையும் பிரிக்கும் எல்லையாக ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு எண்ணைத் தந்திருக்கிறது:

* 2003, அமெரிக்கா, பிளைவாஸ் குழு, அவசரப் பிரிவில் 35 பேர்: 5.0 மி.மீ.
* 2008, அமெரிக்கா, கிம்பர்லி குழு, அழுத்தமானி பொருத்தப்பட்ட 15 பேர்: 5.0 மி.மீ.
* 2008, பிரான்சு, ஜெரார்ட்ஸ் குழு, 37 பேர்: ஏறத்தாழ 5.9 மி.மீ.
* 2011, மிச்சிகன், ராஜாஜி குழு, 65 பேர்: 4.8 மி.மீ.
* 2016, கேப் டவுன், படையாச்சி குழு, 174 குழந்தைகள்: 5.5 மி.மீ.

கடைசியில் உள்ள பெயரைக் கண்டதும் எங்கள் மாவட்டத்தார் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள். அது நிற்க, பட்டியல் சொல்வதைக் கவனிக்க வேண்டும். 5.3 மி.மீ. உறை உள்ள ஒருவர் மிச்சிகன் எல்லைப்படி ஆபத்தில் இருப்பவர். பிரெஞ்சு எல்லைப்படி நலமாக இருப்பவர். அதே மனிதர், அதே கண்.

ஏன் இந்த வேறுபாடு? எண்ணைத் தேர்ந்தெடுத்த விதம் ஒரு காரணம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை முதலில் எல்லோரையும் அளந்துவிட்டு, பிறகு எந்த இடத்தில் கோடு போட்டால் இரு கூட்டமும் நன்றாகப் பிரியும் என்று பார்த்து, அந்தக் கோட்டின் வெற்றி விகிதத்தை அறிவிக்கின்றன. விடைத்தாள்களைத் திருத்தி முடித்த பிறகு தேர்ச்சி மதிப்பெண்ணை முடிவு செய்வதைப் போன்றது இது. அந்த வகுப்புக்குத் தேர்ச்சி விகிதம் பிரமாதமாக வரும். அதே மதிப்பெண்ணை அடுத்த ஆண்டு வேறொரு பள்ளியில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் தரம் தெரியும்.

மற்றொரு காரணம் உடல்வாகு. 2013இல் வங்கதேசத்தில் நலமான தன்னார்வலர்களை அளந்தபோது உறையின் அகலம் ஏறத்தாழ 4.4 மி.மீ. என்று வந்தது. இயல்பு நிலையிலேயே உறை குறுகலாக உள்ள மக்களிடம் 5 என்ற கோட்டை வைத்தால், அழுத்தம் ஏறத் தொடங்கியவர்கள் கோட்டுக்குக் கீழேயே தங்கிவிடக்கூடும். நம் ஊர் மக்களுக்கு எது இயல்பு என்று அளந்து நிலைநாட்டாமல், வேறு நாட்டு எண்ணை அப்படியே கொண்டுவந்து பொருத்துவது முறையன்று.

== எதோடு ஒப்பிட்டார்கள் ==

ஒரு புதிய தராசு சரியா என்று அறிய, முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே எடைக்கல், மூளைக்குள் செருகிய குழாய் வழியாக நேரடியாக அளக்கும் அழுத்தம். பிளைவாஸ் குழுவின் 2003 ஆய்வு 100 விழுக்காடு நோயாளிகளைச் சரியாகக் கண்டுபிடித்ததாகப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆய்வில் எடைக்கல்லாக வைத்தது நேரடி அழுத்தத்தை அன்று. சிடி படத்தில் தெரிந்த அடையாளங்களை. சிடி ஒரு நிழற்படம், அழுத்தமானி அன்று. ஆகவே அந்த 100 என்பது "சிடியோடு ஒத்துப்போனது" என்றே பொருள்படும். மேலும், அழுத்தம் கூடியவர்களாகக் கருதப்பட்டோர் 14 பேர் மட்டுமே. பதினான்கு பேரில் பதினான்கும் சரி என்பது நல்ல தொடக்கம்; தீர்ப்பு அன்று.

நேரடி அளவீட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளும் பின்னர் வந்தன, அவற்றின் விளைவுகளும் ஊக்கம் தருபவையே. 2019இல் அமெரிக்க உள்மருத்துவ இதழான அன்னல்ஸில் கோசியார்ஸ் குழுவினர் 71 ஆய்வுகளை, 4551 நோயாளிகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டனர். தலைக்காயம் பட்டோரில் அழுத்தம் கூடிய 100 பேரில் 97 பேரை இம்முறை கண்டுபிடித்தது. அழுத்தம் கூடாத 100 பேரில் 86 பேரைச் சரியாக விலக்கியது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு ஜெல் குப்பியும் ஒரு புரோபும் இவ்வளவு செய்வது வியப்பே.

ஆனால் எடைக்கல்லைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் கடும் தலைக்காயம் பட்ட 324 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. மூளைக்குள் அழுத்தமானி செருகி, அதன் எண்ணைப் பார்த்துச் சிகிச்சை செய்யப்பட்டவர்களும், அது இல்லாமல் சிடியையும் உடல் பரிசோதனையையும் வைத்துச் சிகிச்சை செய்யப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே விளைவையே அடைந்தனர். நேரடி அழுத்தத்தின் எண்ணே தனித்து நின்று உயிரைக் காப்பதில்லை என்றால், அந்த எண்ணைக் கண் வழியாக ஊகிக்கும் எண் தனித்து நின்று எதைக் காக்கும்?

== அரை மில்லிமீட்டரின் இயற்பியல் ==

வெர்னியர் அளவியைக் கற்பிக்கும்போது மாணவர்களிடம் முதலில் கேட்பது மீச்சிற்றளவு. கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு எது? அது தெரியாமல் எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை. அதே கேள்வியை இங்கும் கேட்போம்.

மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1540 மீட்டர். கண்ணுக்குப் பயன்படுத்தும் அதிர்வெண் பெரும்பாலும் 7.5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ், சில கருவிகளில் இன்னும் அதிகம். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம்: 7.5 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.2 மி.மீ., 10 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.15 மி.மீ. ஒலி செல்லும் திசையில் கருவி இந்த அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்துக் காட்ட முடியும். ஆனால் உறையின் அகலத்தை அளப்பது ஒலி செல்லும் திசையில் அன்று, அதற்குக் குறுக்கே. குறுக்குத் திசையில் பிரிதிறன் இதைவிடக் குறைவு. கற்றையின் அகலத்தைப் பொறுத்தது. பட்டியலில் உள்ள 4.8க்கும் 5.0க்கும் இடையே இருப்பது 0.2 மி.மீ. நாம் எழுதும் தாளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் கனம் அது. கருவியின் மீச்சிற்றளவை ஒட்டிய வித்தியாசத்தை வைத்து ஒருவரின் தலைவிதியை எழுத முடியாது.

இதோடு பிம்பப் பிழையும் சேர்கிறது. புரோப் சற்றுச் சாய்ந்தால் நரம்பு குறுக்காக வெட்டப்படாமல் சரிவாக வெட்டப்பட்டு அகலமாகத் தெரியும். நரம்பின் விளிம்பிலிருந்து விழும் நிழலே உறையைப் போல் கருப்பாகத் தெரியலாம். அந்த நிழலை அளந்துவிடும் ஆபத்தைச் சில மருத்துவர்கள் 2009இலேயே சுட்டிக்காட்டியுள்ளனர். உறையின் வெளி விளிம்பிலிருந்து அளப்பதா, உள் விளிம்பிலிருந்தா என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. வெர்னியரில் சுழிப்பிழையைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். இங்கே பிழை அளப்பவரின் கையோடு மாறுவதால் கழிக்க வழியில்லை. பயிற்சி ஒன்றே மருந்து.

இன்னொரு பாடமும் உண்டு. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியே இம்முறைக்கு அடித்தளம். ஆனால் மண்டையிலிருந்து கண்குழிக்கு வரும் வழி ஒரு குறுகிய எலும்புக் கால்வாய். உறைக்குள்ளும் மெல்லிய நார்த் தடுப்புகள் பல. சிலருக்குத் திரவம் தாராளமாக வந்து போகும், சிலருக்குத் தடைபடும். ஒரு முறை நன்றாக விரிந்த உறை, அழுத்தம் இறங்கியதும் உடனே பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம் என்பதும் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது. கழுத்து தளர்ந்த பழைய பனியனைப் போல. ஆகவே சிகிச்சை பலித்துவிட்டதா என்று இதை மட்டும் வைத்துச் சொல்வது கடினம்.

== யாரிடம் அளந்தார்கள் ==

97, 86 என்ற எண்கள் நம் ஊர்ச் சாலையில் விழுந்தவரிடம் அப்படியே செல்லுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் ஆள் எண்ணிக்கைகள் கணக்கின் பொருட்டு நான் வைத்துக்கொண்டவை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் 1000 பேர். அவர்களில் 500 பேருக்கு அழுத்தம் அதிகம் என்று கொள்வோம். சோதனை 485 பேரைப் பிடிக்கும். அழுத்தம் இல்லாத 500 பேரில் 14 விழுக்காடு, அதாவது 70 பேரைத் தவறாக ஆபத்து என்று சொல்லும். மொத்தம் 555 பேருக்கு "ஆபத்து" என்று வரும். அவர்களில் 485 பேருக்கு உண்மை. நூற்றுக்கு 87. நம்பலாம்.

இப்போது தலையில் அடிபட்டு வரும் எல்லோரிலும் 1000 பேர். அவர்களில் 100 பேருக்கே அழுத்தம் அதிகம் என்று கொள்வோம். சோதனை 97 பேரைப் பிடிக்கும். 3 பேரைத் தவறவிடும். மீதி 900 பேரில் 126 பேரைத் தவறாகச் சுட்டும். "ஆபத்து" என்று வந்த 223 பேரில் 97 பேருக்கே உண்மை. நூற்றுக்கு 43. அதே கருவி, அதே எண்கள். வந்தவர்கள் மாறினார்கள், பொருள் மாறிவிட்டது. தலைவலி என்று வரும் எல்லோரிடமும் இதை வைத்துப் பார்த்தால் இந்த விகிதம் இன்னும் சரியும்.

"தவறாகச் சுட்டினால் என்ன, ஒரு சிடி கூடுதலாக எடுப்போம், தவறவிடுவது மூன்று பேர்தானே?" என்று கேட்கலாம். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் என் மாணவரின் மைத்துனர் வருகிறார். மண்டையோட்டுக்கும் டியூராவுக்கும் இடையே இரத்தம் கசியும்போது, அடிபட்டவர் தெளிந்து, எழுந்து, பேசி, காபி கூடக் குடித்துவிட்டுச் சில மணி நேரத்தில் சரிந்துவிடுவது உண்டு. அவர் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் கண்ணில் ஸ்கேன் வைத்தால் உறை இயல்பாகவே இருக்கலாம். அது சோதனையின் பிழை ஆகாது. அந்த நிமிடத்தில் அழுத்தம் உண்மையாகவே ஏறவில்லை. இந்த அளவீடு "இப்போது" என்பதைச் சொல்கிறது. தலைக்காயத்தில் நாம் அறிய வேண்டியது "இன்னும் மூன்று மணி நேரத்தில்" என்பதை. கசிவு எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு பெரியது, திறக்க வேண்டுமா என்பதையும் உறை சொல்லாது; சிடி சொல்லும்.

== நம் சூழலில் இதன் இடம் ==

அப்படியானால் இம்முறை பயனற்றதா? இல்லை. மலாவியில் மூளை மலேரியா கண்ட குழந்தைகளிடம் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். சிடி அருகில் இல்லாத இடங்களில் இது ஒரு கூடுதல் துப்பு. ஏற்கெனவே தீவிர சிகிச்சையில் இருப்பவரிடம், பயிற்சி பெற்ற ஒரே மருத்துவர், ஒரே கருவியால், சில மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து போக்கைக் கவனித்தால் பயன் கூடும். மற்றவரின் எல்லைக்கோட்டைவிட, அதே நோயாளியின் நேற்றைய அளவு நல்ல ஒப்பீடு. இரத்தம் உறையாத கோளாறு போன்ற காரணங்களால் மண்டையைத் துளைக்க முடியாதவர்களிடமும் இது உதவும்.

ஆனால் ஆம்புலன்சிலும் சிறு மருத்துவமனையிலும் எல்லோர் கையிலும் இதைக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு இந்தியாவில் இன்னொரு கேள்வியைச் சந்திக்கிறது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாலினத்தைக் காட்டக்கூடிய மீயொலிக் கருவி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தும் இடத்துக்கும் ஆளுக்கும் விதிகள் உண்டு. எடுத்துச் செல்லும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. வெளிநாட்டுக் காணொளியில் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைக்கிறார்களே, அதை இங்கே அப்படியே செய்ய முடியாது. அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. பெண் குழந்தைகளின் உயிர் அது. ஆகவே சட்டத்தைக் குறை சொல்லிக் கடப்பதைவிட, அவசரப் பிரிவுகளுக்கு அதற்குள்ளேயே ஒழுங்கான வழி வகுப்பதைப் பற்றிப் பேசுவதே சரி. இம்முறையைப் புகழும் விளக்கங்களில் இந்தப் பேச்சை நான் காணவில்லை.

நம் பக்கத்தில் நேரத்தை மிச்சப்படுத்தும் வேறு வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 108 சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல், கட்டணமின்றித் தருகிறது. தொடக்கத்தில் அதன் வரம்பு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய். கிளியனூரில் விழுந்தவருக்கு ஒரு பக்கம் திண்டிவனம், மறு பக்கம் புதுச்சேரியில் ஜிப்மர். மாவட்டத்துக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. "செலவாகுமே, காலையில் பார்க்கலாம்" என்று படுக்க வைக்கும் தயக்கத்தை உடைப்பது, கண்ணில் வைக்கும் எந்தக் கருவியையும்விட அதிக உயிர்களைக் காக்கும் என்பது என் எண்ணம்.

== மதிப்பீடு ==

பார்வை நரம்பு உறை அளவீட்டின் உடற்கூற்று அடிப்படை உறுதியானது. தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்ற கைகளில் அது நல்ல துணை. அதன் பலவீனம், அதைப் பற்றிப் பேசும் விதத்தில் இருக்கிறது. "5 மி.மீ." என்று எழுதுபவர்கள், யாரிடம் அளந்தது, எதோடு ஒப்பிட்டது, எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்பு வரை அளந்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லையென்றால் அலகு போடாத விடையைப் போல அதற்கு மதிப்பெண் கொடுக்க முடியாது.

பயன்பாட்டுக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லலாம். உறை விரிந்திருந்தால், நோயாளியை இன்னும் விரைவாக அனுப்ப அது ஒரு காரணம். உறை இயல்பாக இருந்தால், அவரை அனுப்பாமல் இருக்க அது காரணம் ஆகாது.

என் மாணவருக்கும் இதைத்தான் சொன்னேன். தலையில் அடிபட்டவர் ஒரு நொடி நினைவு தப்பினாலும், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலும், தலைவலி கூடிக்கொண்டே போனாலும், பேச்சுக் குழறினாலும், தூக்கக் கலக்கத்திலேயே இருந்தாலும், வலிப்பு வந்தாலும், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலும், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வந்தாலும், கண்ணில் ஸ்கேன் வைத்துப் பார்ப்பவரைத் தேட வேண்டாம். 108ஐ அழைக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அன்னைக்கு மச்சான் ரெண்டு தடவை வாந்தி எடுத்தாரு சார். சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு நெனச்சோம்" என்றார்.